மடக்கைக் குறைப்பு

மடக்கைக் குறைப்பு என்பது, தொற்றுநீக்கம், நுண்ணுயிர்நீக்கம் ஆகிய செயன்முறைகளால் உயிருள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை எந்த அளவுக்குக் குறைந்தது என்பதைக் கூறும் அளவீடு ஆகும். செயன்முறைக்கு முன்பிருந்த எண்ணிக்கையைப் பின்பு எஞ்சிய எண்ணிக்கையால் வகுத்து, வரும் ஈவுக்கு 10 ஐ அடியாகக் கொண்ட மடக்கை காணப்படுகிறது. பத்தில் ஒரு பங்கு எஞ்சினால் அது 1 மடக்கைக் குறைப்பு. நூறில் ஒரு பங்கு எஞ்சினால் 2. ஆயிரத்தில் ஒரு பங்கு எஞ்சினால் 3. எளிமையாகக் கூறின், எண்ணிக்கையின் வலப்பக்கத்திலிருந்து எத்தனை சுழியங்கள் நீங்கின என்பதே மடக்கைக் குறைப்பு.

நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்களைத் தீங்கற்ற அளவுக்குக் குறைப்பது தொற்றுநீக்கம் எனப்படும். வித்துகள் உட்பட எல்லா நுண்ணுயிர்களையும் ஒழிப்பது நுண்ணுயிர்நீக்கம் எனப்படும். வித்து என்பது சில பாக்டீரியாக்கள் பாதகமான சூழலைக் கடப்பதற்காக மேற்கொள்ளும், தடித்த உறையுடைய உறங்குநிலை வடிவம் ஆகும். குடிநீர் வழங்கல், உணவு பதப்படுத்தல், தடுப்பூசி உற்பத்தி, அறுவை மருத்துவக் கருவிகளின் தூய்மை எனப் பல துறைகளிலும் இந்த ஒரே அளவீடு பயன்படுகிறது.

விழுக்காடும் மடக்கையும்

சோப்பு உறைகளிலும் கைகழுவும் திரவப் புட்டிகளிலும் 99.9% கிருமிகளை அழிக்கும் என்ற வாசகத்தைப் பலர் பார்த்திருப்பர். இது 3 மடக்கைக் குறைப்புக்குச் சமம். 99.99% என்பது 4 மடக்கை, 99.9999% என்பது 6 மடக்கை. விழுக்காடாக எழுதும்போது 99.9 க்கும் 99.9999 க்கும் இடையிலான வேறுபாடு 0.1 க்கும் குறைவாகத் தோன்றுகிறது. ஆனால் ஒரு கோடி பாக்டீரியாக்கள் உள்ள ஒரு பரப்பில், முன்னது 10,000 பாக்டீரியாக்களை விட்டுவைக்கிறது. பின்னது 10 ஐ மட்டுமே விட்டுவைக்கிறது. விழுக்காடு இறந்தவற்றைப் பற்றிப் பேசுகிறது; நோயை உண்டாக்குபவையோ எஞ்சியவை. இதனாலேயே நுண்ணுயிரியலாளர் மடக்கையை விரும்புகின்றனர்.

எஞ்சியவை எத்தனை என்பது ஏன் முக்கியம் என்பதை இரு வகைகளில் விளங்கிக்கொள்ளலாம். முதலாவதாக, நோய் உண்டாகத் தேவையான எண்ணிக்கை நுண்ணுயிருக்கு நுண்ணுயிர் மாறுபடுகிறது. வயிற்றுளைச்சலை உண்டாக்கும் சிகெல்லா, சில பத்து உயிரணுக்கள் உட்சென்றாலே நோயைத் தர வல்லது. வாந்திபேதியை உண்டாக்கும் பாக்டீரியாவுக்குப் பொதுவாக அதைவிட மிகப் பெரிய எண்ணிக்கை தேவைப்படுகிறது. இரண்டாவதாக, எஞ்சியவை பெருகக்கூடியவை. எசரிக்கியா கோலை என்னும் குடல் பாக்டீரியா ஏற்ற சூழலில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரட்டிக்கும். பத்து முறை இரட்டித்தால் 1,024 மடங்கு. ஆகவே, 3 மடக்கைக் குறைப்பால் பெற்ற பயன் முழுவதும், ஈரமும் உணவும் கிடைத்தால், மூன்றரை மணி நேரத்துக்குள் இல்லாமற் போகலாம்.

எண்ணும் முறை

பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. எனவே மாதிரி படிப்படியாக நீர்க்கச் செய்யப்படுகிறது. 1 மி.லீ. மாதிரி 9 மி.லீ. தூய திரவத்துடன் கலக்கப்படுகிறது. அதிலிருந்து 1 மி.லீ. எடுத்து மீண்டும் 9 மி.லீ. உடன் கலக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகும். ஒவ்வொரு படியிலிருந்தும் சிறிதளவு எடுத்து அகர்த் தட்டில் இட்டு வளர்க்கும்போது, உயிருள்ள ஒவ்வோர் உயிரணுவும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் காலனியாகிறது. ஏறத்தாழ 30 முதல் 300 வரை காலனிகள் உள்ள தட்டே கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும். அதற்குக் குறைந்தால் தற்செயல் வேறுபாடு மிகும்; கூடினால் காலனிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, ஐந்து முறை நீர்க்கச் செய்த மாதிரியின் 1 மி.லீ. 120 காலனிகளைத் தந்தால், மூல மாதிரியில் மி.லீ. ஒன்றுக்கு 1.2 கோடி பாக்டீரியாக்கள் இருந்தன எனலாம். தொற்றுநீக்கியைச் சேர்த்த பின், ஒரே முறை நீர்க்கச் செய்த மாதிரியில் 120 காலனிகள் தோன்றினால் எஞ்சியவை 1,200. ஈவு 10,000, எனவே குறைப்பு 4 மடக்கை. ஒட்டிக்கொண்டிருக்கும் நூறு உயிரணுக்களின் கொத்தும் ஒரே காலனியாகவே வளரும் என்பதால், முடிவுகள் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை என்று கூறப்படாமல் காலனி தோற்றுவிக்கும் அலகுகள் என்றே கூறப்படுகின்றன. இந்தக் கொத்துகள் கீழே மீண்டும் குறுக்கிடும்.

எந்தக் காலனியும் தோன்றாதபோது ஒரு சிக்கல் எழுகிறது. சுழியத்தால் வகுக்க முடியாது. அத்துடன், சோதித்த அந்த 1 மி.லீ. இல் எதுவும் இல்லை என்பது மட்டுமே தெரியும். மீதியில் என்ன இருந்தது என்று தெரியாது. 10,000 பாக்டீரியாக்களுடன் தொடங்கிய சோதனையில் ஒன்றுமே எஞ்சாவிட்டாலும், குறைப்பு 4 மடக்கை அல்லது அதற்கு மேல் என்று மட்டுமே கூறலாம். 6 மடக்கையை மெய்ப்பிக்க வேண்டுமானால் குறைந்தது பத்து இலட்சத்தில் தொடங்க வேண்டும். தொடக்க எண்ணிக்கையைக் கூறாமல் தரப்படும் மடக்கைக் குறைப்பு பாதிச் செய்தியே.

மற்றொரு பொறி, தொற்றுநீக்கி மாதிரியுடன் சேர்ந்து வளர்ப்புத் தட்டுக்கும் வந்துவிடுவது. அங்கே அது பாக்டீரியாவைக் கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் தடுத்து நிறுத்தினாலும், பார்ப்பவருக்குத் தட்டு வெறுமையாகவே தெரியும். 1881 இல் செருமானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக், பட்டு நூல்களில் உலரவைத்த ஆந்த்ராக்சு வித்துகளைக் கொண்டு பல வேதிப்பொருட்களைச் சோதித்து, மெர்குரிக் குளோரைடு மிகவும் நீர்த்த நிலையிலும் வித்துகளைக் கொல்வதாக அறிவித்தார். 1889 இல் கெப்பர்ட் என்பவர், வித்துகளில் ஒட்டியிருந்த பாதரசத்தை அமோனியம் சல்பைடால் நீக்கிய பின் வளர்த்தபோது, இறந்ததாகக் கருதப்பட்ட வித்துகள் முளைத்தன. கோக்கின் நூல்களில் இருந்தவை பிணங்கள் அல்ல, கட்டுண்ட கைதிகள். அன்று முதல், வினையை உரிய நொடியில் நிறுத்தும் நடுநிலையாக்கி இச்சோதனைகளின் இன்றியமையாத உறுப்பாகிவிட்டது. குளோரினுக்குச் சோடியம் தயோசல்பேட்டு பயன்படுகிறது.

இன்றைய தர முறைகள் இவை அனைத்தையும் வரையறுக்கின்றன. ஐரோப்பியத் தரமான இ.என். 1276, உணவுத் தொழிலிலும் வீடுகளிலும் பயன்படும் தொற்றுநீக்கிகள் திரவச் சோதனையில் குறிப்பிட்ட பாக்டீரியாக்களை 5 மடக்கை குறைக்க வேண்டும் என்கிறது. சோதனைத் திரவத்தில் வேண்டுமென்றே ஆல்புமின் புரதம் கலக்கப்படுகிறது: தூய்மையான நிலைக்கு இலீட்டருக்கு 0.3 கிராம், அழுக்கான நிலைக்கு 3 கிராம். அழுக்கு தொற்றுநீக்கியை விழுங்கிவிடும் என்பதால், அழுக்கில்லாமல் செய்த சோதனை சமையலறைக்கோ மருத்துவமனைக்கோ பொருந்தாது.

சிக் விதி

1903 இல் இங்கிலாந்தில் ரிடியல், வாக்கர் இருவரும் வகுத்த பழைய முறையில் எண்ணிக்கை இல்லை. ஒரு தொற்றுநீக்கி, டைபாய்டு பாக்டீரியாவைக் கொல்வதில் ஃபீனாலை விட எத்தனை மடங்கு வலியது என்பது மட்டும், வளர்ந்ததா வளரவில்லையா என்ற விடையைக் கொண்டு ஒப்பிடப்பட்டது. 1897 இல் செருமனியில் குரோனிக், பவுல் ஆகியோர் எஞ்சியவற்றை எண்ணத் தொடங்கியிருந்தனர். 1908 இல் இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரியட் சிக், நுண்ணுயிர்களின் இறப்பு ஒரு வேதிவினையைப் போன்றது என்று காட்டினார். எந்த நொடியிலும், அந்நொடியில் உயிருடன் உள்ளவற்றுள் ஒரு மாறாத பங்கு இறக்கிறது. முதல் நிமிடத்தில் பத்தில் ஒன்பது பங்கு இறந்தால், இரண்டாம் நிமிடத்தில் எஞ்சியதில் பத்தில் ஒன்பது பங்கு இறக்கும். அதே ஆண்டில் வாட்சன், தொற்றுநீக்கியின் செறிவையும் இவ்விதியுள் சேர்த்தார். இது சிக்-வாட்சன் விதி எனப்படுகிறது.

நேரத்தைக் கிடைமட்ட அச்சிலும் எஞ்சியவற்றின் மடக்கையை நிலைக்குத்து அச்சிலும் குறித்தால், இவ்விதிப்படி ஒரு நேர்கோடு கிடைக்கும். கோடு ஒரு மடக்கை இறங்க எடுக்கும் நேரம் டி மதிப்பு எனப்படும். டி மதிப்பு தெரிந்தால் மீதி பெருக்கல் கணக்குதான். இந்த எளிமையே இம்முறையின் வலிமை. ஆபத்தும் இதிலேயே உள்ளது.

தகர அடைப்பு உணவு

காற்றற்ற தகர அடைப்புக்குள் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகள் வெப்பத்தைத் தாங்க வல்லவை. 1922 இல் கலிபோர்னியாவில் எஸ்டி, மேயர் ஆகியோர் இவற்றின் வெப்பத் தாங்குதிறனை அளந்து வெளியிட்டனர். 121 °செ. வெப்பநிலையில் இவற்றின் டி மதிப்பு ஏறத்தாழ 0.21 நிமிடம் எனக் கொள்ளப்படுகிறது. அமிலத்தன்மை குறைந்த தகர அடைப்பு உணவுகளுக்கு 12 மடக்கைக் குறைப்பு வேண்டும் என்பது தொழிலின் மரபு. அதற்கு இரண்டரை நிமிடம் போதும். வெப்பநிலை 10 °செ. குறைந்தால் டி மதிப்பு பத்து மடங்காகும். எனவே கொதிநீரின் 100 °செ. வெப்பநிலையில் ஒரு மடக்கைக்கே ஏறத்தாழ 27 நிமிடம் தேவை; 12 மடக்கைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். வீட்டில் புட்டியில் அடைக்கும் காய்கறிகளை வெறுமனே கொதிக்கவைத்தல் போதாது, அழுத்தக் கலன் தேவை என்று வலியுறுத்தப்படுவதன் காரணம் இந்தக் கணக்கே.

12 மடக்கையை எவரும் நேரடியாக எண்ணிப் பார்ப்பதில்லை. அது, அளந்த கோட்டை அளக்க இயலாத இடத்துக்கு நீட்டிப் பெற்றது. வெப்பத்தைப் பொறுத்தவரை, பல பத்தாண்டுகளின் அனுபவம் அந்த நீட்டலுக்குத் துணை நிற்கிறது.

கோடு வளைந்தபோது: 1955

அத்தகைய துணை இல்லாதபோது நேர்ந்தது, இத்துறையின் மிகக் கசப்பான பாடமாகும். ஜோனாஸ் சால்க் உருவாக்கிய இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியில், உயிருள்ள போலியோ வைரசு ஃபார்மால்டிஹைடால் செயலிழக்கச் செய்யப்பட்டது. நாள்தோறும் மாதிரி எடுத்து, எஞ்சிய வைரசை மடக்கை வரைபடத்தில் குறித்தபோது நேர்கோடு கிடைத்தது. சில நாட்களில் எண்ணிக்கை அளவிடும் எல்லைக்குக் கீழே சென்றுவிடும். அதன் பின் கோட்டை அதே சாய்வில் நீட்டி, மேலும் எத்தனை நாட்கள் வைத்திருந்தால் தடுப்பூசி பாதுகாப்பானதாகும் என்று கணக்கிடப்பட்டது. கோடு அடிப்பகுதியில் தட்டையாகிறது, அதாவது ஒரு சிறு பங்கு வைரசு மிக மெதுவாகவே சாகிறது என்று சுவீடனின் ஸ்வென் கார்ட் வாதிட்டு வந்தார்.

1955 ஏப்பிரல் 12 அன்று அமெரிக்காவில் இத்தடுப்பூசிக்கு உரிமம் வழங்கப்பட்டது. அம்மாத முடிவுக்குள், கலிபோர்னியாவின் பெர்க்லியில் இயங்கிய கட்டர் ஆய்வகத்தின் தடுப்பூசி பெற்ற குழந்தைகளுக்கு வாதம் கண்டது. பெரும்பாலும் ஊசி போட்ட அதே கையில் அது தொடங்கியது. அந்நிறுவனத்தின் சில தொகுதிகளில் உயிருள்ள வைரசு எஞ்சியிருந்தது. ஏறத்தாழ 40,000 குழந்தைகளுக்கு இலேசான தொற்று ஏற்பட்டதாகவும், குடும்பத்தினரையும் அயலாரையும் சேர்த்து ஏறத்தாழ 200 பேர் வாதத்துக்கு உள்ளானதாகவும், 10 பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. மே 7 அன்று தடுப்பூசித் திட்டம் நாடு முழுவதும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

முதன்மைக் காரணம் கொத்துகள். வடிகட்டலில் நீங்காத உயிரணுச் சிதைவுகளுக்குள் புதைந்திருந்த வைரசுத் துகள்களை ஃபார்மால்டிஹைடு எட்டவில்லை. வெளியே தனித்திருந்த வைரசு நேர்கோட்டில் இறந்தது. உள்ளே இருந்தது தப்பியது. வரைபடத்தின் மேற்பகுதி பெரும்பான்மையின் கதையை மட்டுமே கூறியது. இறுதிச் சோதனைக்கு எடுக்கப்பட்ட மாதிரியும், அரிதாக எஞ்சிய வைரசைப் பிடிக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லை. பின்னர், செயலிழப்பின் நடுவே மற்றொரு வடிகட்டல் சேர்க்கப்பட்டது; சோதனைகளும் கடுமையாக்கப்பட்டன. அதன்பின் தயாரிக்கப்பட்ட தடுப்பூசி இந்நோயைப் பெருமளவு கட்டுப்படுத்தியது.

வாலிடல் எனப்படும் இந்த வளைவு, திசுத் துணுக்குகள் ஒட்டிய அறுவைக் கருவிகளிலும், நீர்க்குழாய்களின் உட்புறத்தில் படியும் பாக்டீரியாப் படலங்களிலும் காணப்படுகிறது. கருவிகளை முதலில் நன்கு கழுவ வேண்டும், பின்னரே நுண்ணுயிர்நீக்கம் செய்ய வேண்டும் என்ற மருத்துவமனை விதி இதிலிருந்தே பிறக்கிறது.

நுண்ணுயிரற்ற நிலை

எண்ணிக்கை ஒவ்வொரு டி மதிப்புக்கும் பத்தில் ஒன்றாகிறது என்றால், அது ஒருபோதும் சுழியத்தை அடைவதில்லை. 10 இலட்சம் வித்துகளில் 6 மடக்கை குறைந்தால் கணக்குப்படி ஒன்று எஞ்சும். மேலும் 6 மடக்கை குறைந்தால் எஞ்சுவது பத்து இலட்சத்தில் ஒரு வித்து. வித்தில் அப்படி ஒரு துண்டு கிடையாது. அவ்வாறு பக்குவப்படுத்திய பத்து இலட்சம் பொருட்களில் ஒன்றில் ஓர் உயிருள்ள வித்து இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். உடலுக்குள் செலுத்தப்படும் மருந்துகள், கருவிகள் ஆகியவற்றுக்கு இந்த நிகழ்தகவே பொதுவாக எல்லையாக ஏற்கப்படுகிறது. ஆகவே நுண்ணுயிரற்றது என்ற முத்திரை ஒரு நிகழ்தகவுக் கூற்றே.

இதை மாதிரிச் சோதனையால் உறுதிசெய்ய இயலாது. ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஒரு புட்டி கெட்டிருந்தாலும், 20 புட்டிகளை எடுத்துச் சோதித்தால் எல்லாம் நல்லவையாகவே அமைய 82% வாய்ப்பு உண்டு. எனவே பொருளைச் சோதிப்பதை விட, செயன்முறையைச் சோதிப்பதே வழக்கம். அழுத்த நீராவிக் கலனில், அதைத் தாங்குவதில் பெயர்பெற்ற ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் வித்துகள் பூசிய தாள் வைக்கப்படுகிறது. ஒரு தாளில் பத்து இலட்சம் வரை வித்துகள் இருக்கும். ஒரு வழிமுறையில், பாதி நேரத்தில் இவை அனைத்தும் இறப்பது காட்டப்படுகிறது. முழு நேரத்தில் 12 மடக்கை குறையும் என்று கொள்ளப்படுகிறது. இங்கும் பின்பாதி நீட்டிய கோடுதான். ஆயினும், கழுவிய கருவியில் இருக்கக்கூடியவற்றை விட மிகக் கூடுதலான, மிக வலிய வித்துகளைக் கொண்டு அளப்பதால் பாதுகாப்பு இடைவெளி பெரியது.

நீராவி எல்லா இடத்தையும் எட்டினால்தான் இக்கணக்கு செல்லும். 1972 இல் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவமனையின் டெவன்போர்ட் பிரிவில், சிரைவழி ஏற்றப்பட்ட டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் பாக்டீரியா வளர்ந்திருந்தது. ஐந்து நோயாளிகளின் இறப்புக்கு அது காரணமாகியிருக்கலாம் எனக் கருதப்பட்டது. தயாரிப்பின்போது கலனின் அடியில் காற்று தேங்கியதால், கீழ்த்தட்டுப் புட்டிகள் உரிய வெப்பநிலையை அடையவில்லை என விசாரணையில் தெரியவந்தது.

குடிநீர்

குடிநீரில் செறிவையும் நேரத்தையும் பெருக்கிவரும் சி.டி. மதிப்பு பயன்படுகிறது. இலீட்டருக்கு 1 மி.கி. குளோரின் 10 நிமிடம் இருந்தால் சி.டி. 10. அமெரிக்காவின் 1989 ஆம் ஆண்டு மேற்பரப்பு நீர் விதி, ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணிக்கு 3 மடக்கையும் வைரசுகளுக்கு 4 மடக்கையும் கோரியது. 10 °செ. வெப்பநிலையில் வைரசுகளின் 4 மடக்கைக்கு சி.டி. 6 போதும், ஜியார்டியாவின் 3 மடக்கைக்கு நூற்றுக்கு மேல் வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் மற்றோர் ஒட்டுண்ணியின் 3 மடக்கைக்கு, நீச்சற்குளங்களுக்கான அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 15,300 வேண்டும். அதாவது 1 மி.கி. குளோரினில் ஏறத்தாழ பத்தரை நாட்கள். 1993 இல் மில்வாக்கி நகரில் வடிகட்டல் சரியாக இயங்காதபோது, குளோரின் கலந்த குழாய்நீரின் வழியே இந்த ஒட்டுண்ணி பரவி, மதிப்பீட்டின்படி நான்கு இலட்சம் பேர் வயிற்றுப்போக்குக்கு உள்ளாயினர். எனவே எந்த நுண்ணுயிரின் குறைப்பு என்று கூறாத மடக்கைக்கும் பொருளில்லை. இதே ஒட்டுண்ணிக்குப் புறஊதாக் கதிர் எளிதில் எமனாகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிசூல் கதிரே 3 மடக்கையைத் தரும். வைரசுகளில் சிலவற்றுக்கோ அதைப்போல் பல மடங்கு கதிர் தேவை.

அடுத்தடுத்த தடைகளின் மடக்கைகளைக் கூட்டலாம் என்பது பொறியாளருக்கு இவ்வளவீடு தரும் பெரும் வசதி. வடிகட்டி 2 மடக்கையும் குளோரின் 3 மடக்கையும் தந்தால் மொத்தம் 5. ஆனால் தடைகள் ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே இக்கூட்டல் சரி. முதல் தடையில் தப்பியவை கொத்துகளுக்குள் இருந்ததால்தான் தப்பின என்றால், இரண்டாம் தடையிலும் அவையே தப்பும். அப்போது தாளில் உள்ள 5, நீரில் 3 ஆகவே இருக்கக்கூடும்.